தடித்த இட்டாலிக் செரிஃப்: மெல்லிய கோட்டிலிருந்து தொடங்குங்கள்

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், இனிப்புப் பெட்டி மூடியில் கடைப் பெயர், இதழ் அட்டையில் ஒரே ஒரு சொல். இவற்றை ஆங்கிலத்தில் அமைக்கும்போது கை தானாகப் போவது தடித்து, சாய்ந்து (இட்டாலிக்), நுனியில் உருண்டை வைத்த அலங்காரச் செரிஃப் (கோட்டின் முனையில் குட்டிக் கால் உள்ள) எழுத்துருக்களின் பக்கம்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பீரமாக இருக்கும். அச்சாகி வந்த பிறகு பார்த்தால் சின்ன ‘இ’யின் குறுக்குக் கோடு காணாமல் போய் அது ‘சி’ ஆகியிருக்கும். ‘என்’ எழுத்தின் இரண்டு கால்களை இணைக்கும் இழை அறுந்து, இரண்டு தூண்கள் தனித்தனியாக நிற்கும். (இந்தக் கட்டுரையில் மேற்கோள் குறிக்குள் வரும் ‘ஏ’, ‘எஃப்’, ‘இ’ எல்லாமே ஆங்கில எழுத்துகள்.)

காரணம் எளிது. நாம் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுப்பது அதன் தடித்த கோட்டைப் பார்த்து. அச்சில் தோற்பதோ மெல்லிய கோடு. என்ன அளவில் போடலாம், எந்தக் காகிதத்தில் அடிக்கலாம், என்ன நிறம் தரலாம், பிளாட்டரில் (வினைல் தாளைக் கத்தியால் வெட்டும் இயந்திரம்) வெட்ட முடியுமா என்று இந்த வகை எழுத்தில் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த மெல்லிய கோட்டில்தான் இருக்கிறது.

இரண்டு குடும்பங்கள்

கடைகளிலும் இணையத்திலும் நூற்றுக்கணக்கில் கிடைத்தாலும், வேலைக்கு எடுக்கும்போது இவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் குடும்பத்தின் வேர் 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து லண்டனில் இருக்கிறது. போடோனி, டிடோ ஆகிய எழுத்து வடிவமைப்பாளர்களின் எழுத்துகளில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் ஏற்கெனவே பெரிய வித்தியாசம் உண்டு. ராபர்ட் தோர்ன் போன்ற லண்டன் எழுத்து வார்ப்பாளர்கள் செங்குத்துக் கோடுகளை மட்டும் ஊதிப் பெருக்கினார்கள். மெல்லிய கோட்டை முடி போலவே விட்டுவிட்டார்கள். லாட்டரி விளம்பரத் தாளும் சுவரொட்டியும் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணைப் பிடிக்க வேண்டியிருந்த காலம் அது. ‘ஃபேட் ஃபேஸ்’ என்ற பெயர் இந்த வகைக்குத்தான். வின்சென்ட் ஃபிகின்ஸின் அத்தகைய எழுத்துகளை அடியொற்றி மேத்யூ கார்ட்டர் 1992-இல் செய்த எழுத்துரு ‘எலிஃபன்ட்’. பெயர்ப் பொருத்தத்துக்கு விளக்கம் தேவையில்லை.

இன்று பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் ‘பிளேஃபேர் டிஸ்ப்ளே’ நேரடியாக இந்த வம்சம் இல்லை. கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் 2011-இல் வெளியிட்ட அதன் பின்னணி, பாஸ்கர்வில் காலத்து எழுத்துகளும் ஸ்காட்ச் ரோமன் வகையும். ஆனால் அதன் மிகத் தடித்த ‘பிளாக்’ எடையின் (எடை என்பது கோட்டின் தடிமன்) இட்டாலிக், அச்சகத்தில் ஃபேட் ஃபேஸ் போலவேதான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது குடும்பத்தின் தலைவர் ‘கூப்பர் பிளாக்’. ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922-இல் வெளியிட்டது. அதன் இட்டாலிக் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. இதில் செரிஃப் நுனிகள் உருகிய மெழுகு போல மழுங்கியிருக்கும். மெல்லிய கோடு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் உண்மையில் அது மெல்லியதே இல்லை. அதனால் மோசமான காகிதம், ஸ்கிரீன் பிரின்டிங்கின் நைந்த வலை, அவசர அச்சு எல்லாவற்றையும் தாங்கும். நளினம் குறைவு, உழைப்பு அதிகம். இனிப்புப் பெட்டிக்கும் டி-ஷர்ட்டுக்கும் இதுதான் சரி. பளபளப்புத் தாளில் பெரிதாக அடிக்கும் இதழ் அட்டைக்கு முதல் குடும்பம்.

சாய்வு உண்மையா, போலியா?

எந்த வேலைக்கும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. மென்பொருளில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாய்கிறது என்பதற்காக, அந்த ஃபான்ட்டுக்கு இட்டாலிக் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கணினி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டியிருக்கலாம்.

சின்ன ‘ஏ’வைப் பாருங்கள். நேர் எழுத்தில் மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு வயிறுமாக இரண்டு அடுக்கு இருக்கும். உண்மையான இட்டாலிக்கில் பெரும்பாலும் அது ஒரே அடுக்காக, கையால் எழுதுவது போல மாறிவிடும். அடுத்து சின்ன ‘எஃப்’: பல இட்டாலிக்குகளில் அதன் கால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி வளையும். ‘ஏ’ இரண்டு அடுக்காகவே சாய்ந்து நின்றால் போலி என்று சந்தேகப்படலாம்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸுடன் வரும் கூப்பர் பிளாக் இதற்கு நல்ல உதாரணம். அதில் நேர் எழுத்து மட்டுமே உண்டு. வேர்டில் அதைச் சாய்த்தால் கிடைப்பது கூப்பர் வரைந்த இட்டாலிக் இல்லை. அசல் இட்டாலிக் வேண்டுமென்றால் தனியாக உரிமம் வாங்க வேண்டும். அதே ஆபீஸுடன் வரும் எலிஃபன்ட்டுக்கும் ‘போடோனி எம்டி பிளாக்’குக்கும் உண்மையான இட்டாலிக் கோப்புகள் கூடவே வருகின்றன. செலவில்லாமல் தொடங்க அவை போதும்.

போலி சாய்வு அழகைக் கெடுக்கும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. பெரிய ‘ஏ’வின் இடது கால் மெல்லியது, வலது கால் தடித்தது. எழுத்தை வலப்பக்கம் தள்ளும்போது, ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும் இடது கால் இன்னும் படுத்துக்கொள்கிறது. கோட்டின் கிடைமட்ட அகலம் மாறாததால் அதன் உண்மையான தடிமன் குறைகிறது. வலது கால் நிமிர்கிறது. அதன் தடிமன் கூடுகிறது. ‘வி’யிலும் இதே கதைதான். மெல்லியது மேலும் மெலிந்து, தடித்தது மேலும் தடிக்கிறது. ஏற்கெனவே முடி போல இருக்கும் கோட்டை நாமே சீவி விடுகிறோம்.

மெல்லிய கோட்டை அளப்பது

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு ஃபான்ட்டுக்கு ஒரு முறை செய்து குறித்துவைத்துக்கொண்டால் எல்லா வேலைக்கும் உதவும்.

இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இங்க்ஸ்கேப் எதுவாக இருந்தாலும் சரி, 100 பாயின்ட் அளவில் சின்ன ‘இ’, சின்ன ‘என்’, பெரிய ‘ஏ’, பெரிய ‘எச்’ ஆகிய நான்கையும் அடியுங்கள். எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது தட்டச்சாக இல்லாமல் வரைந்த வடிவமாக, மாற்றுங்கள். அலகை மில்லிமீட்டரில் வையுங்கள். மிக ஒல்லியாகத் தெரியும் இடத்தைப் பெரிதாக்கி, கோட்டுக்குக் குறுக்காக, செங்கோணத்தில் அளந்துகொள்ளுங்கள். நான்கில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் எண். 100 பாயின்ட் என்பது 35.28 மி.மீ. என்பதையும் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

0.6 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி ஒரே ஒரு கணக்குதான்: அச்சு முறை தாங்கும் குறைந்தபட்சக் கோட்டை 0.6 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால், எழுத்தின் குறைந்தபட்ச அளவு பாயின்ட்டில் கிடைத்துவிடும்.

பளபளப்புத் தாளில் ஆஃப்செட் 0.1 மி.மீ. கோட்டைத் தாங்கும், அப்படியானால் 17 பாயின்ட் போதும். அதே ஆஃப்செட்டில் அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவும், 0.2 மி.மீ. வேண்டும், அதாவது 33 பாயின்ட். ஸ்கிரீன் பிரின்டிங்குக்கு 0.35 மி.மீ. என்று எடுத்தால் 58 பாயின்ட்டுக்கு மேலே போக வேண்டும். வினைல் வெட்ட 1 மி.மீ. என்று வைத்தால் 167 பாயின்ட். இவை பாதுகாப்பான தொடக்க எண்கள். ஸ்கிரீனின் மெஷ் (வலைக்கண்), மையின் பதம், இயந்திரத்தின் வயது இவற்றைப் பொறுத்து உங்கள் அச்சகத்தின் எண் மாறும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: “எவ்வளவு மெல்லிய கோடு வரை அறுபடாமல் வரும்?” ‘இந்த ஃபான்ட் வருமா?’ என்று கேட்டால் ‘வரும்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒரு கல்யாணப் பத்திரிகையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 அங்குல அகல அட்டை, ஸ்கிரீன் பிரின்டிங். இரு பக்கமும் 12 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 103 மி.மீ., அதாவது சுமார் 292 பாயின்ட். மணமகன் பெயர் மீனாட்சிசுந்தரம். ஆங்கிலத்தில் 17 எழுத்து. இந்த வகை ஃபான்ட்டில் ஓர் எழுத்தின் சராசரி அகலம் அளவில் பாதி என்று கொண்டால், ஒரே வரியில் அடங்கக்கூடிய அளவு 34 பாயின்ட்தான். அந்த அளவில் மெல்லிய கோடு 0.2 மி.மீ. ஸ்கிரீனுக்குத் தேவையோ 0.35. ‘இ’ நிச்சயம் ‘சி’ ஆகும். பெயரிலேயே இரண்டு ‘இ’ பக்கத்துப் பக்கத்தில் வேறு.

இங்கே வழி மூன்று. அச்சை ஆஃப்செட்டுக்கு மாற்றலாம். கூப்பர் மாதிரி மெல்லிய கோடு தடித்த ஃபான்ட்டுக்குப் போகலாம். அல்லது சிறிய அளவுக்கென்றே வரைந்த வடிவத்தைத் தேடலாம். பிளேஃபேரின் புதிய வடிவம் மூன்றாவது வழிக்கு நேர் விடை. ‘டிஸ்ப்ளே’ இல்லாமல் வெறும் ‘பிளேஃபேர்’ என்ற பெயரில் கிடைக்கும், எடையை நகர்த்தி மாற்றக்கூடிய மாறுநிலை எழுத்துரு அது. அதில் எடையோடு ஒளியியல் அளவு (எந்த அளவில் படிக்க வரைந்த வடிவம்) என்று இன்னொரு அளவுகோலும் உண்டு. அதைச் சிறிய எண்ணுக்கு நகர்த்தினால் மெல்லிய கோடு தடிக்கும், எழுத்து கொஞ்சம் அகலும். பெரிய எண்ணுக்கு நகர்த்தினால் கோடு முடியாக மெலியும். 34 பாயின்ட்டில் அச்சிடும் எழுத்துக்கு இந்த அளவுகோலை வேண்டுமென்றே 10, 12 என்று குறைத்து வைக்கலாம். அகலம் கூடும் என்பதால் பெயர் வரியில் அடங்குகிறதா என்று மறுபடி பாருங்கள்.

செய்யக் கூடாத வழி ஒன்று உண்டு. அதுதான் அதிகம் நடக்கிறது. எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் ஓர் அவுட்லைன் ஏற்றுவது. மெல்லிய கோடு தடிக்கும், உண்மைதான். கூடவே ‘இ’யின் கண் (உள்ளே இருக்கும் துளை) அடைபடும், உருண்டை நுனி தண்டோடு ஒட்டும், எல்லா மூலைகளும் மழுங்கும். கடைசியில் கிடைப்பது சுமாரான கூப்பர். நேராகக் கூப்பரையே எடுத்திருக்கலாம்.

எழுத்து அடுக்குவது

இந்த எழுத்துரு பேச வேண்டியது மூன்று நான்கு சொற்கள்தான். ஐந்தாவது சொல் வரும்போதே பக்கம் கறுத்துப் போகும். தலைப்பு, கடைப் பெயர், பெரிய முதலெழுத்து, பட்டியலில் பிரிவுப் பெயர் இவற்றோடு நிறுத்துங்கள். முகவரி, கைப்பேசி எண், மருந்தின் பெயர், உட்பொருள் பட்டியல், எச்சரிக்கை எதையும் இதில் போடக் கூடாது. தப்பாகப் படித்தால் யாருக்காவது நஷ்டம் வரும் என்றால் அது இந்த எழுத்துக்கான இடமில்லை.

முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். அலங்கார இட்டாலிக்கின் பெரிய எழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்து வரும் என்று நம்பி வரையப்படுகிறது. அதன் இடப்பக்க வளைவும் வலப்பக்க வாலும் இன்னொரு பெரிய எழுத்தோடு மோதும். வரலாறும் இதற்கு ஒத்துப் போகிறது: 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸ் இட்டாலிக்கில் நூல் அச்சிட்டபோது சாய்ந்தவை சின்ன எழுத்துகள் மட்டுமே, பெரிய எழுத்துகள் நேராகத்தான் நின்றன.

நம் பெயர்களில் இன்ஷியல் வரும்போது தனிச் சிக்கல். பெரிய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து மேலே நிற்க, புள்ளி கீழே கிடக்கும். ‘பி’, ‘வி’, ‘டி’ போன்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் புள்ளி ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பது போலத் தெரியும். கெர்னிங்கில் (இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளி) –40 முதல் –80 வரை இழுத்துப் பாருங்கள். புள்ளிக்குப் பின் முழு இடைவெளி விடாமல் மெல்லிய இடைவெளி விட்டால் இன்ஷியலும் பெயரும் ஒரே ஆளுடையது என்று தெரியும்.

இடைவெளியை முதலில் ஃபான்ட்டுக்குள்ளேயே இருக்கும் கெர்னிங்கில் வைத்துத் தொடங்குங்கள். மென்பொருளின் தானியங்கி ஆப்டிகல் கெர்னிங், மெல்லிய வால்களைக் கண்டு குழம்பும். 72 பாயின்ட்டுக்கு மேல் மொத்த இடைவெளியை –10 முதல் –20 வரை குறைக்கலாம். 30 பாயின்ட்டுக்குக் கீழான எழுத்தில் குறைக்கவே கூடாது. +5 அல்லது +10 கொடுங்கள். பிறகு உண்மை அளவில் ஒரு பிரின்ட் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொல்லாகப் படிக்க முடியாதபோதுதான் ஓட்டைகள் கண்ணில் படும்.

முட்டிக்கொள்ளும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். சின்ன ‘எஃப்’பின் தலை வலப்பக்கம் நீண்டு அடுத்து வரும் ‘பி’, ‘எச்’, ‘கே’, ‘எல்’ மீதோ மேற்கோள் குறி மீதோ இடிக்கும். ‘எஃப்’புக்குப் பிறகு ‘ஐ’ வந்தால் ஃபான்ட்டில் கூட்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்புக்குறியும் வியப்புக்குறியும் நேர் எழுத்திலிருந்து வந்திருந்தால் சாய்ந்த எழுத்து அதில் போய்ச் சாய்ந்துகொள்ளும். குறிகளையும் இட்டாலிக்கிலேயே வையுங்கள்.

வால் நீட்டிய அலங்கார எழுத்துகள் ஃபான்ட்டில் இருந்தால் சொல்லுக்கு ஒன்று, அதுவும் தொடக்கத்திலோ முடிவிலோ. 1975-இல் எட் பெங்கியாட் வரைந்த ‘ஐடிசி புக்மேன்’ இப்படிப்பட்ட வால்களுக்குப் பேர் போனது. கிடைக்கிறதே என்று எல்லா எழுத்துக்கும் வால் முளைக்க வைத்த தலைப்புகளை அந்தக் கால விளம்பரங்களில் நிறையப் பார்க்கலாம்; இன்று அவை பார்க்கத்தான், படிக்க இல்லை.

& குறியைத் தவறவிடாதீர்கள். இந்த வகை எழுத்துருக்களில் பெரும்பாலும் அதிக அழகு அதற்குத்தான் செலவழிக்கப்பட்டிருக்கும். இரு பெயர்களுக்கு நடுவே அதே அளவில், இரு பக்கமும் மெல்லிய இடைவெளியோடு வையுங்கள். ‘வெட்ஸ்’ என்று போட்டே ஆக வேண்டும் என்று வீட்டார் சொன்னால், அதைச் சிறிய நேர் எழுத்தில் தனி வரியாக வைத்துவிடுங்கள். மூன்றும் தடித்த இட்டாலிக்கில் வந்தால் கண் எங்கே நிற்பது?

வரி இடைவெளி பற்றிச் சுருக்கமாக: பிளேஃபேர் டிஸ்ப்ளேயில் சின்ன எழுத்தின் உயரம் அதிகம், கீழிறங்கும் வால்கள் குட்டை, பெரிய எழுத்துகளும் குட்டை. அதனால் தலைப்புகளில் 60 பாயின்ட் எழுத்துக்கு 60 பாயின்ட் வரி என்று இறுக்கமாகவே வைக்கலாம். மேல் வரியின் ‘ஜி’, ‘வொய்’ வால்கள் கீழ் வரியின் ‘எச்’, ‘எல்’ தலைகளில் மோதுகிறதா என்று மட்டும் பாருங்கள். வால் நீண்ட மற்ற ஃபான்ட்டுகளில் 1.1 மடங்கில் தொடங்குங்கள்.

எண்களும் ₹ குறியும்

விலைப் பட்டியல் செய்பவர்கள் இடறும் இடம் இது. பிளேஃபேர் டிஸ்ப்ளேயில் இயல்பாக வருவது பழைய பாணி எண்கள். 0, 1, 2 ஆகியவை சின்ன எழுத்தின் உயரத்தில் நிற்கும். 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். 6, 8 மேலே எழும். வாக்கியத்துக்குள் இது அழகு. ‘₹175’ என்று தனியாக வரும்போது குடித்துவிட்டு நடப்பது போல இருக்கும். சம உயர எண்களும் அதே ஃபான்ட்டுக்குள் உண்டு. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரில் ஓப்பன்டைப் அமைப்பில் லைனிங் எண்களைத் தேர்ந்தெடுங்கள். இணையப் பக்கத்தில் எண் வடிவத்துக்கான சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பண்பில் அதையே குறிப்பிடலாம். இந்த வசதி இல்லாத எளிய செயலிகளில் விலையை வேறு நேர் ஃபான்ட்டில் போடுவதே நல்லது. ஜார்ஜியாவும் இயல்பில் பழைய பாணி எண்களே தரும், அதை மாற்றாகக் கொள்ளாதீர்கள். பத்திக்கு மட்டும் பிளேஃபேரோடு அது நன்றாகச் சேரும்.

₹ குறி 2010-இல்தான் அறிவிக்கப்பட்டது. யூனிகோடிலும் அதே ஆண்டு சேர்ந்தது. அதற்கு முன் டிஜிட்டலாகி, பிறகு புதுப்பிக்கப்படாத ஃபான்ட்டில் அது இருக்காது. மென்பொருள் வேறு ஏதோ ஃபான்ட்டிலிருந்து ஒல்லியான நேர் ₹ ஒன்றைச் செருகிவிடும், அல்லது கட்டம் காட்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ₹ அடித்துப் பாருங்கள்.

பக்கத்தில் தமிழ் வரும்போது

தமிழ் எழுத்துக்கு இட்டாலிக் மரபு கிடையாது. சாய்த்த வடிவத்தோடு வரும் தமிழ் ஃபான்ட்டுகள் சில உண்டு, ஆனால் லத்தீன் இட்டாலிக் போல கையெழுத்திலிருந்து பிறந்த தனி வடிவம் அது இல்லை. ‘ண’, ‘ணை’, ‘ஐ’ போன்ற சுழி எழுத்துகளைச் சாய்த்தால் சுழிகள் முட்டை ஆகும். ‘ட’, ‘ப’ போன்ற நேர்கோட்டு எழுத்துகள் விழப்போவது போல நிற்கும். ஆங்கிலம் சாய்ந்திருக்கிறதே என்று தமிழையும் 12 பாகை சாய்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தமிழை நேராக, தடிமன் வேறுபாடு உள்ள செரிஃப் வகையில் வையுங்கள். இரண்டுக்கும் பொருத்தம் தடித்த கோட்டின் அகலத்தில்தான் வர வேண்டும். தமிழ் ‘ப’வின் உயரம் ஆங்கிலச் சின்ன எழுத்தைவிடச் சற்று மேலே, பெரிய எழுத்துக்குக் கீழே நிற்கும்படி அளவை மாற்றுங்கள். ஒரே பாயின்ட் அளவு என்பது இரண்டு மொழிகளுக்கும் ஒரே உயரம் இல்லை.

இணையத்தில் இன்னொரு பொறி. பிளேஃபேரில் தமிழ் எழுத்துகள் இல்லை. தலைப்பு முழுவதற்கும் இட்டாலிக், எடை 900 என்று கொடுத்துவிட்டு நடுவே தமிழ்ச் சொல் வந்தால், பிரவுசர் வேறு தமிழ் ஃபான்ட்டை எடுக்கும். அதில் இட்டாலிக் இல்லாததால் தானே சாய்க்கும். 900 எடை இல்லாததால் சில சமயம் தானே தடிக்கவும் வைக்கும். விளைவு, கறுத்துச் சாய்ந்த மங்கல் தமிழ். தமிழ்ச் சொற்களைத் தனி டேகுக்குள் வைத்து, மொழியையும் நேர் பாணியையும் அதன் எடையையும் தனியாகக் குறிப்பிடுங்கள். கூடவே, பிரவுசர் போலி வடிவம் செய்வதைத் தடுக்கும் சிஎஸ்எஸ் பண்பையும் போட்டுவிட்டால், ஏதாவது தவறு இருந்தால் உடனே கண்ணில் படும்.

திரையில்

100 பாயின்ட்டில் 0.6 மி.மீ. வந்த அதே ஃபான்ட்டில் மெல்லிய கோடு எழுத்து அளவில் 1.7 சதவீதம். அது ஒரு முழு பிக்சல் ஆக 59 பிக்சல் அளவு வேண்டும். பழைய மேசைக் கணினித் திரையில் 32 பிக்சலில் போட்டால் கோடு அரை பிக்சல். கறுப்புக்குப் பதில் வெளிறிய சாம்பலாகத் தெரியும். புதிய கைப்பேசிகளின் அடர்த்தியான திரையில் அதே 32 பிக்சல் தெளிவாக இருக்கும். வடிவமைப்பவர் கைப்பேசியில் பார்த்துச் சரி என்பார், வாடிக்கையாளர் அலுவலகக் கணினியில் பார்த்துச் சண்டை போடுவார். பழைய திரைக்காகக் குறைந்தது 48 பிக்சல் வையுங்கள், அல்லது ஒளியியல் அளவு உள்ள பிளேஃபேருக்கு மாறுங்கள். அங்கே எழுத்தின் அளவுக்கேற்ப பிரவுசரே கோட்டைத் தடிக்கச் செய்யும். தேவைப்படும் ஒரு பாணியை மட்டும் ஏற்றுங்கள். நேர் எழுத்தை மட்டும் ஏற்றிவிட்டு இட்டாலிக் என்று எழுதினால் மறுபடியும் போலி சாய்வுதான் வரும்.

நிறமும் மையும்

மெல்லிய கோடுகளை ஒரே மையில் அடியுங்கள். நான்கு வண்ணக் கலவையில் ஓர் அரக்கு நிறம் செய்தால் நான்கு தட்டும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். 0.1 மி.மீ. விலகினால் தடித்த கோட்டில் தெரியாது, 0.15 மி.மீ. கோட்டில் அது பாதிக்கு மேல். கோட்டுக்குப் பக்கத்தில் நீலமோ சிவப்போ நிழல் போல எட்டிப் பார்க்கும். கறுப்பு என்றால் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். வேறு நிறம் என்றால் தனி மை. வெளிர் நிறம் வேண்டுமென்று 50 சதவீதக் கறுப்பு கொடுத்தால் கோடு புள்ளிகளாக உடையும்: அங்குலத்துக்கு 150 வரி உள்ள அச்சுத் திரையில் (வெளிர் நிறத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் வலை) புள்ளிக்குப் புள்ளி தூரம் 0.17 மி.மீ., அதாவது உங்கள் கோட்டைவிடப் பெரிது.

பூச்சு இல்லாத காகிதமும் கைத்தாளும் மையை உறிஞ்சும். அங்கே மெல்லிய கோடு அறுபடுவது குறைவு, சிக்கல் எதிர்ப்பக்கம். தடித்த கோடு வீங்கி ‘இ’, ‘ஏ’ எழுத்துகளின் கண்களை அடைக்கும். தங்கத் தாளை அழுத்திப் பதிக்கும் வேலையிலும் அதேதான், குறுகிய இடைவெளிகளில் தாள் ஒட்டி நிரம்பிவிடும். இங்கெல்லாம் ‘பிளாக்’ எடைக்குப் பதில் ‘போல்ட்’ எடுங்கள். கண்கள் திறந்திருக்கும், சாய்வின் துள்ளலும் போகாது. புகைப்படத்தின் மேல் எழுத்து வைத்தால், மெல்லிய கோடு விழும் இடத்தில் படம் அமைதியாக இருக்க வேண்டும். நிழல் போட்டுக் காப்பாற்ற முயன்றால் நிழல்தான் தெரியும்.

வெட்டும் வேலை, தையல் வேலை

எம்பிராய்டரிக்கு ஃபேட் ஃபேஸ் வகை இரண்டு பக்கமும் ஒத்துவராது. சாட்டின் தையலுக்கு (கோட்டின் குறுக்கே நூலை நெருக்கமாக ஓட்டுவது) கோடு சுமார் 1 மி.மீ. முதல் 7, 8 மி.மீ. வரை இருக்கலாம். 100 பாயின்ட்டில் தடித்த கோடு 7.5 மி.மீ., மெல்லியது 0.6 என்றால் வித்தியாசம் பன்னிரண்டரை மடங்கு. மெல்லியதை 1 மி.மீ. ஆக்கப் பெரிதாக்கினால் தடித்தது 12.5 ஆகும், நீண்ட நூல்கள் தொங்கிச் சிக்கும். தையலுக்குக் கூப்பர் குடும்பம் மட்டும்.

வினைல் பிளாட்டரில் மெல்லிய கோடு பிய்ந்து வருவது ஒரு பிரச்சினை. கணக்குப் போட்டு அளவைக் கூட்டினால் அது தீரும். மாறுநிலை எழுத்துருவிலிருந்து வரும் கோட்டுருக்களில் இன்னொன்றும் ஒளிந்திருக்கும். ‘கே’, ‘டபிள்யூ’ போன்ற எழுத்துகளின் உறுப்புகள் தனித்தனி வடிவங்களாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். திரையிலும் அச்சிலும் தெரியாது. பிளாட்டரின் கத்தி மட்டும் ஒவ்வொரு வடிவத்தின் ஓரத்தையும் விடாமல் தொடரும். எழுத்தின் நடுவே குறுக்காக வெட்டு விழும், ஒட்டும்போது துண்டு துண்டாகக் கழன்று வரும். கோப்பை அனுப்பும் முன் எழுத்தைக் கோட்டுருவாக்கி, எல்லா வடிவங்களையும் ஒன்றிணைத்து, நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெறும் ஓரக் கோட்டில் ஒரு முறை பாருங்கள். எழுத்துக்குள்ளே ஏதாவது கோடு குறுக்கே ஓடினால் இன்னும் இணையவில்லை.